இந்தியப் பாஸ்போர்ட்டில் வரும் 'லெட்' என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

குடியரசுத் தலைவரின் பெயரால் அச்சிடப்பட்ட வேண்டுகோளில், பாஸ்போர்ட் வைத்திருப்பவரை 'வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்' செல்லவிடுமாறு கேட்கப்பட்டிருக்கிறது. அனுமதியைக் குறிக்கும் 'லெட்' அங்கே எப்படிப் பொருந்தும் என்று நீங்கள் குழம்புவது இயல்பே. இந்த 'லெட்' வேறு சொல். தடை என்பதே அதன் பொருள். பழைய ஆங்கிலத்தில் 'லெட்டன்' என்றால் தடுப்பது, 'லேட்டன்' என்றால் விடுவது. தனித்தனியாக இருந்த இவ்விரண்டும் காலப்போக்கில் ஒலி தேய்ந்து ஒரே வடிவமாகிவிட்டதால், நேரெதிர்ப் பொருள்களை ஒரே சொல் சுமக்க நேர்ந்தது. 1611-இல் வெளிவந்த ஆங்கில பைபிளில், தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில் வரும் 'லெட்டெத்' தடைசெய்வதையே குறிக்கிறது. பேச்சு வழக்கில் அது மறைந்தாலும், சட்ட நடையிலும் டென்னிஸிலும் இன்னும் உயிரோடிருக்கிறது: சர்வீஸ் பந்து வலையை உரசிக்கொண்டு சரியான கட்டத்தில் விழுந்தால், 'லெட்' என்று அறிவித்து மறுபடி அடிக்கச் சொல்கிறார்கள்.