சளி இல்லை, சீழ் இல்லை, வெறும் காய்ச்சல்தானே?

கீமோவுக்குப் பிறகு அப்பாவுக்குக் காய்ச்சல் வந்தபோது கல்ச்சரில், அதாவது ரத்தத்தை எடுத்து வைத்துக் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் சோதனையில், எதுவும் வளரவில்லை, அப்படியும் ஐந்து நாள் ஆன்டிபயாடிக் ஏற்றினார்களே, இருக்கிற கொஞ்சநஞ்ச எதிர்ப்புச் சக்தியும் போய்விடாதா, அடுத்த கீமோவுக்குப் பிறகு காய்ச்சல் வந்தால் ஒருநாள் வீட்டிலேயே வைத்துப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். கூடாது. ஒரு ராத்திரிகூடக் கூடாது.

எதிர்ப்புச் சக்தியைக் குறைத்தது ரத்தப் புற்றுநோயும் கீமோவும்தான், ஆன்டிபயாடிக் இல்லை. கிருமி நுழைந்ததும் முதலில் போய் மோதுகிற வெள்ளையணு நியூட்ரோபில். கீமோ கொடுத்த ஒன்றிரண்டு வாரத்தில் அது அடிமட்டத்துக்கு இறங்கும், அப்பாவுக்கு இருக்கிற அக்யூட் லுக்கீமியா என்ற வேகமாகப் பெருகும் ரத்தப் புற்றுநோயில் மறுபடி ஏற இன்னும் நாளாகும். ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 500-க்குக் கீழே போய்விட்டால் சண்டைபோட ஆளே இல்லை. அதனால்தான் சீழ் பிடிக்காது, சளி கட்டாது, எக்ஸ்ரேகூடச் சுத்தமாக இருக்கலாம். பல நேரம் காய்ச்சல் ஒன்றுதான் வெளியே தெரியும். அதையும் பாராசிட்டமால் கொடுத்து இறக்கிவிட்டு, ‘விட்டுடுச்சு’ என்று தூங்கப் போனால், விடிவதற்குள் பிபி இறங்கிவிடலாம்.

கல்ச்சரில் ஒன்றும் வளராதது இந்த மாதிரிக் காய்ச்சலில் சர்வ சாதாரணம். பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு வளர்வதில்லை. கீமோவில் குடலின் உட்புறம் புண்ணாகி, காலம்காலமாக அங்கேயே குடியிருந்த பாக்டீரியாவே ரத்தத்துக்குள் புகுந்துவிடுவதுண்டு. கல்ச்சர் முடிவு வர ஓரிரு நாள் ஆகும், சூடோமோனாஸ் மாதிரிக் கிருமி அதுவரை சும்மா இருக்காது. அதனால் கல்ச்சருக்கு ரத்தம் எடுத்த கையோடு, ஆள் வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள், பிபராசிலின்-டாசோபாக்டம் அல்லது செஃபிபைம் போன்ற ஆன்டிபயாடிக் ஒன்றை ஏற்றிவிடுவோம். மருந்து ஏறியும் நாலைந்து நாள் காய்ச்சல் நிற்கவில்லை என்றால் பூஞ்சைத் தொற்றா என்று தேடுவோம்.

போன தடவை மிஞ்சிய ஆன்டிபயாடிக் மாத்திரை வீட்டில் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தொடவே தொடாதீர்கள். தேவையான கிருமியை அது கொல்லாமல் போகலாம், ஆனால் கல்ச்சரைக் கட்டாயம் குழப்பும். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமிகள் பற்றி இணையத்தில் படித்ததெல்லாம் உண்மைதான், அதைச் சளிக்கு மாத்திரை விழுங்குகிறவர்களிடம் போய்ச் சொல்லுங்கள். காய்ச்சல் வந்ததாலேயே கேன்சர் திரும்பிவிட்டது என்றும் அர்த்தமில்லை.

தெர்மாமீட்டரை வாயில் வையுங்கள், ஆசனவாயில் வேண்டாம். ஒரே ஒரு தடவை 101 டிகிரி காட்டினாலும், 100.4 ஒரு மணி நேரம் நின்றாலும் கிளம்பிவிடுங்கள். காய்ச்சலே இல்லாமல் குளிர் நடுக்கம் வந்தாலும் அப்படித்தான். அவசரப் பிரிவு வாசலில் முதல் வார்த்தையே ‘கீமோ பேஷண்ட், காய்ச்சல்’ என்பதாக இருக்கட்டும், இல்லாவிட்டால் சாதாரணக் காய்ச்சல் வரிசையில் உட்காரவைத்துவிடுவார்கள்.