டப்பாவின் பின்பக்கம்: கொலாஜ், ஆர்ட் ஜர்னல் கேள்வி-பதில்

கே: அட்டையில் ‘மிக்ஸ்டு மீடியா’ (பெயின்ட், பசை, காகிதம் எல்லாம் கலந்து செய்வது) என்று கொட்டை எழுத்தில் போட்ட ஏ5 நோட்டு வாங்கினேன். முதல் பக்கத்தில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சைப் பூசியதுமே தாள் நெளிந்து கிளம்பிவிட்டது, அடுத்த தாளிலும் ஈரம். ‘தண்ணீர் அதிகம் சேர்த்திருப்பீர்கள்’ என்கிறார் விற்றவர். ஜி.எஸ்.எம். எவ்வளவு என்று நோட்டில் எங்குமே இல்லை.

ப: ‘மிக்ஸ்டு மீடியா’ என்று யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளலாம். அளவு என்பது ஜி.எஸ்.எம். மட்டும்தான்: ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் என்ற கணக்கு. அதை அவர்கள் சொல்லாவிட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். ஏ4 தாள் ஒரு சதுர மீட்டரில் 16இல் ஒரு பங்கு, ஏ5 தாள் 32இல் ஒரு பங்கு. நோட்டு சரியாக 14.8 × 21 செ.மீ.தானா என்று அளந்துவிட்டு, ஒரு தாளை வெட்டி எடுத்து, கிராமில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சிறு தராசில் வையுங்கள். வரும் எடையை 32ஆல் பெருக்குங்கள். 3.8 கிராம் காட்டினால் 120 சொச்சம். அது பேனாவும் பென்சிலும் தாங்குகிற தாள். ஜெஸ்ஸோ, அக்ரிலிக், மேலே ஒட்டுகிற காகிதம் என்று போவதற்கு 200க்குக் குறையக் கூடாது. வாட்டர்கலரை ஓடவிட வேண்டுமென்றால் 300. இந்தக் கணக்கை எழுதி விற்றவருக்கு அனுப்புங்கள். தண்ணீர் அதிகம் என்று உங்கள் தலையில் போட்டுத் தப்பிக்க முடியாது.

பணம் திரும்பவில்லை என்றாலும் நோட்டு வீண் இல்லை. இரண்டிரண்டு தாளாகச் சேர்த்து ஒட்டுங்கள்: மேட் மீடியத்தை (பளபளக்காத, நிறமற்ற அக்ரிலிக் பூச்சு, பசையாகவும் உதவும்) மெல்லிசாகத் தடவி, பழைய பிளாஸ்டிக் கார்டால் நடுவிலிருந்து ஓரத்துக்கு வழித்து, கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். பிறகு ஜெஸ்ஸோவை இரண்டு பக்கமும் பூசுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால், காயும்போது அந்தப் பக்கம் சுருங்கித் தாளை இழுக்கும். மறுபக்கமும் பூசினால் இழுப்பு சரியாகிவிடும். கொலாஜ், அதாவது வெட்டி ஒட்டும் துண்டுகள், ஏற ஏற நோட்டு மூடாமல் வாய் பிளக்கும். தையல் போட்ட நோட்டு என்றால், ஒட்டியபின் மூன்றுக்கு ஒன்றை, தையலை ஒட்டி 1 செ.மீ. விட்டு வெட்டி எடுத்துவிடுங்கள். அடியோடு வெட்டினால் ஜோடித் தாளும் கழன்றுவிடும்.

கே: கொலாஜுக்கு க்ளூ ஸ்டிக் போதுமா?

ப: மேலே எதுவும் பூசப்போவதில்லை என்றால் போதும். பூசப்போகிறீர்கள் என்றால் போதாது, ஓரம் கிளம்பும்.

கே: பளபளப்பு மீடியத்தால் பக்கங்களைப் பூசி, காய்ந்த பிறகுதான் மூடினேன். ஒரு வாரம் கழித்துத் திறந்தால் எதிரெதிர் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகின்றன. போலிச் சரக்கா?

ப: போலி இல்லை, அக்ரிலிக்கின் குணமே அது. காய்ந்த பிறகும் அது மிருதுவான பிளாஸ்டிக்தான். இரண்டு படலங்கள் அழுத்தத்தில் முகத்தோடு முகம் கிடந்தால் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வெக்கையிலும் புழுக்கத்திலும் இன்னும் மோசம். தொட்டால் கையில் ஒட்டாத நிலை அரை மணியில் வந்துவிடும். உள்ளே முழுதாகக் காய்வதற்கு நாட்கள், கனமான பூச்சென்றால் வாரங்கள் ஆகும். பளபளப்பு வகை இதில் மோசம். மேட் வகையில் பொடி கலந்திருப்பதால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, ஒட்டுவது குறைவு.

ஒட்டிக்கொண்ட பக்கங்களை இழுக்காதீர்கள். நோட்டை ஈரம் புகாத பையில் போட்டு அரை மணி ஃப்ரிட்ஜில் வையுங்கள், உறைபெட்டியில் அல்ல. குளிர்ந்தால் படலம் இறுகும். அப்போது ஒரு மூலையிலிருந்து மெதுவாகப் பிரித்தால் சேதம் குறையும். இனி ஒவ்வொரு இடையிலும் சிலிக்கான் பூசிய பேக்கிங் பேப்பர் ஒரு துண்டு. அது தொல்லை என்றால், நிறமற்ற மெழுகுப் பசையைத் துணியால் மிக மெல்லிசாகத் தேய்த்து மெருகேற்றுங்கள். ஆனால் மெழுகு கடைசி வேலை. அதன்மேல் பெயின்டும் நிற்காது, பசையும் நிற்காது.

கே: ‘நூறாண்டுப் பழைய அசல் காகிதங்கள், கொலாஜுக்கு’ என்று ஒரு கட்டு வாங்கினேன். கணக்குப் புத்தகத் தாள், பழைய கடிதம், அச்சுப் பக்கம் எல்லாம் இருந்தன. ஒன்றைக் கிழித்தபோது உள்ளே பால்வெள்ளை. ஏமாந்துவிட்டேனா?

ப: ஏமாற்றப்பட்டீர்கள். ஏமாந்தது உங்கள் குற்றம் என்று யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். திரையில் படத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க யாராலும் முடியாது. கிழித்துப் பார்த்தீர்களே, அதுவே நல்ல சோதனை. உண்மையில் பழுத்த தாளில் பழுப்பு ஓரங்களில் அழுத்தமாகவும் நடுவில் வெளிறியும் இருக்கும். கிழிந்த ஓரத்தைப் பார்த்தால் உள்ளே நாரும் நிறம் மாறியிருக்கும். உங்களுடையதில் பழுப்பு என்பது மேலே அச்சடித்த மை.

இன்னும் இரண்டு சோதனை செய்து படம் எடுத்து வையுங்கள். 10 மடங்கு காட்டும் லென்ஸில் அந்தப் ‘பேனா எழுத்தை’யும் பழுப்புக் கறையையும் பாருங்கள். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு எனப் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அது இன்றைய அச்சு. உண்மையான பேனா மையில் புள்ளி இருக்காது. நார் வழியே மை லேசாகப் பரவியிருக்கும். அடுத்து, இருட்டறையில் புற ஊதா டார்ச். பளீரென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் தாளில் வெண்மையூட்டும் ரசாயனம் இருக்கிறது. அது காகிதத்தில் பரவலானது 1950ஐ ஒட்டித்தான். நூறாண்டுத் தாள் அப்படி ஒளிராது. ஒளிராவிட்டால் அசல் என்று அர்த்தமில்லை, ஒளிர்ந்தால் பொய் என்று அர்த்தம். ‘அசல்’ என்ற விளம்பர வரியின் படத்தையும் சேர்த்து அனுப்பி முழுப் பணத்தையும் கேளுங்கள். ‘பாதி தருகிறோம், கட்டை வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கே: 48 டியூப் அக்ரிலிக் பெட்டி. ‘பிரொஃபெஷனல்’, ‘ஏ.எஸ்.டி.எம். டி-4236 தரம்’ என்று போட்டிருந்தது. சுவரில் மாட்டிய கொலாஜில் இளஞ்சிவப்பு சில மாதங்களிலேயே வெளுத்துவிட்டது. தரச் சான்று இருந்தும் இப்படியா?

ப: இந்த எண்ணைத் தரச் சான்றாகக் காட்டி விற்பதைப் போல எனக்கு எரிச்சலூட்டுவது வேறில்லை, ஆகவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஏ.எஸ்.டி.எம். என்பது அமெரிக்காவைச் சேர்ந்த தர நிர்ணய அமைப்பு. அதன் டி-4236 பெயின்டின் தரத்தைப் பற்றியதே அல்ல. நாள்பட்ட உடல்நலக் கேடு தரும் பொருள் ஏதாவது உள்ளே இருந்தால் அதை லேபிளில் எச்சரிக்க வேண்டும் என்கிற விதி. அவ்வளவுதான். நிறம் நிற்குமா, வெளுக்குமா, நிறமி எவ்வளவு என்று அது ஒரு சொல்லும் சொல்லாது. வெளிச்சத்தில் நிறம் எவ்வளவு தாங்கும் என்று சோதிக்கும் முறைக்கு எண் டி-4303. அதன்படி தரும் வரிசையில் I என்பது மிக நன்று, II நன்று. நல்ல டியூபில் இந்த ரோமன் எண்ணும் நிறமிக் குறியீடும் இருக்கும். பி.டபிள்யூ. 6 என்றால் டைட்டானியம் வெள்ளை, பி.பி. 29 என்றால் அல்ட்ராமரின் நீலம், பி.ஆர். 122 என்றால் குவினாக்ரிடோன் மெஜந்தா. மூன்றும் தாங்கும். பி.ஆர். 83 என்ற அலிசரின் கிரிம்சன் தாங்காது. கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசென்ட் இளஞ்சிவப்பு எதுவுமே தாங்காது. உங்களுடையது அதுவாகத்தான் இருக்கும். குறியீடே இல்லாத டியூபில் என்ன இருக்கிறதென்று விற்பவருக்கும் தெரியாது. பெயருக்குப் பின்னால் ‘ஹ்யூ’ என்று இருந்தால், அந்த நிறமி இல்லை, அதைப் போலத் தெரியும் வேறொன்று என்று பொருள். அது ஏமாற்று இல்லை, சொல்லிவிட்டுத்தான் செய்கிறார்கள்.

‘பிரொஃபெஷனல்’, ‘ஆர்கைவல்’ இரண்டும் வெறும் விளம்பரச் சொற்கள். ‘ஆசிட் ஃப்ரீ’யும் பாதிக் கதைதான்: தயாரித்தபோது தாளில் அமிலம் இல்லை என்கிறது, மரத்திலிருந்து வந்து தாளைப் பழுப்பேற்றும் லிக்னின் இல்லை என்று சொல்லவில்லை. நிலைத்து நிற்கும் தாளுக்கு ஐ.எஸ்.ஓ. 9706 என்றொரு தரம் 1994இலிருந்து இருக்கிறது. பி.எச். 7.5 முதல் 10 வரை, பின்னால் வரும் அமிலத்தை விழுங்க 2 சதவீத அளவுக்குக் கால்சியம் கார்பனேட், லிக்னினுக்கு உச்ச வரம்பு என்று கறாராகக் கேட்கிறது. அந்த எண்ணைத் தேடுங்கள். அப்படிப்பட்ட தாளிலேயே செய்தித்தாள் துண்டை ஒட்டினாலும் துண்டு பழுக்கத்தான் செய்யும். நல்ல தாளில் லேசர் நகல் எடுத்து ஒட்டுங்கள்.

48 என்ற எண்ணுக்கும் வருவோம். டியூபுக்கு 12 மில்லி, மொத்தம் 576 மில்லி. அதில் நீங்கள் முதலில் தீர்க்கப்போவது வெள்ளை, அது இருப்பதோ 12 மில்லி. என் அலமாரியிலும் இப்படி ஒரு பெட்டி கிடக்கிறது, வெள்ளையும் கறுப்பும் மட்டும் காலி. அதே பணத்துக்கு டைட்டானியம் வெள்ளை பெரிய டியூபாக ஒன்று, கூடவே பி.பி. 29, பி.ஆர். 122, மஞ்சளுக்கு பி.ஒய். 154, பழுப்புக்கு பி.பிஆர். 7, கறுப்புக்கு பி.பிகே. 7 வாங்குங்கள். மிச்சத்தைக் கலந்துகொள்ளலாம்.

பெட்டியில் எஞ்சியவற்றைச் சோதியுங்கள்: அட்டையில் ஒவ்வொன்றிலும் ஒரு கோடு, பாதியைத் தடித்த அட்டையால் மூடி, வெயில் படும் ஜன்னலில் மூன்று மாதம். வெளுத்ததை மூடிவைக்கும் நோட்டுக்குள் பயன்படுத்துங்கள், சுவருக்கு வேண்டாம்.

கே: ஜெஸ்ஸோ, மாடலிங் பேஸ்ட், கிராக்கிள் பேஸ்ட், ஜெல் பிளேட், ஹீட் கன், ஒன்பது ஸ்டென்சில், எம்பாஸிங் பவுடர் எல்லாம் வாங்கிவிட்டேன். எதிலிருந்து தொடங்குவது?

ப: வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி. திறக்காதவற்றைத் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று இன்றைக்கே பாருங்கள். கிராக்கிள் பேஸ்ட் முதலில் போகட்டும்: காய்ந்ததும் வெடிப்பு விடும் அந்தப் பசை விறைப்பான பலகைக்கானது, புரளும் நோட்டுப் பக்கத்தில் செதில் செதிலாக உதிரும். என்னுடையது பாதி டப்பாவில் கல்லாகிக் கிடக்கிறது. ஜெஸ்ஸோ, ஒரு ஸ்டென்சில், மேடு எழுப்பும் மாடலிங் பேஸ்ட், இவை மூன்றும் ஒரு மாதத்துக்குத் தாராளம். ஸ்டென்சிலை எடுத்தவுடன் தண்ணீரில் போடுங்கள். பேஸ்ட் காய்ந்துவிட்டால் ஸ்டென்சிலும் போச்சு.

கே: சூட்டில் உருகி மேடாகும் எம்பாஸிங் பவுடருக்கு ஹேர் டிரையர் ஆகாதா?

ப: ஆகாது. சூடு பற்றாது, காற்று பவுடரை ஊதித் தள்ளும். ஹீட் கன்னை ஈரமான அக்ரிலிக் அருகே கொண்டுபோகாதீர்கள், கொப்புளிக்கும்.

கே: ஜெஸ்ஸோவுக்குப் பதில் சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்?

ப: ஜெஸ்ஸோவின் வேலை வெள்ளையடிப்பது மட்டுமல்ல. அதிலுள்ள கால்சியம் கார்பனேட்தான் மேலே வருகிற பென்சிலுக்கும் பெயின்டுக்கும் பிடிப்புத் தருகிறது. சுவர் பெயின்டில் அந்தச் சொரசொரப்பு கிடைக்கும் என்று நம்ப முடியாது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கலந்து வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்வார்கள்; டப்பாவுக்குள்ளேயே இறுகிவிடும். சாக் பொடி (கால்சியம் கார்பனேட்), பி.வி.ஏ. என்ற வெள்ளைப் பசை, வெள்ளை அக்ரிலிக் கலந்தால் பயிற்சிக்கு ஓடும்.

கே: புகைப்படத்தை ஜெல் மீடியத்தால் பக்கத்துக்கு மாற்ற முயன்றேன். கடையில் பிரின்ட் போட்டு வாங்கிய படம் கலங்கிச் சேறாகிவிட்டது. லேசர் பிரின்ட்தான் என்று சொல்லித்தான் தந்தார்கள்.

ப: தந்தது இன்க்ஜெட். ஒரு மூலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, அரை நிமிடம் கழித்து டிஷ்யூவால் ஒற்றினாலே தெரிந்திருக்கும். நிறம் ஏறினால் இன்க்ஜெட். லேசரின் டோனர் பிளாஸ்டிக் பொடி, தாளின் மேலேயே உட்கார்ந்திருக்கும், அதனால் மீடியம் அதைப் பிடித்துக்கொள்ளும். பெரும்பாலான இன்க்ஜெட் மை தாளுக்குள் இறங்கிவிடும், தண்ணீர் பட்டால் கரையும். மிச்சப் படங்களிலும் சொட்டு வைத்துக் கடைக்காரர் கண்ணெதிரே காட்டுங்கள், மறுபடி போட்டுத் தரட்டும்.

புதிய பிரின்ட் 80 ஜி.எஸ்.எம். சாதாரணத் தாளில், இடவலம் மாற்றி இருக்கட்டும். இல்லாவிட்டால் எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பது போல விழும். பக்கத்தில் ஜெல் மீடியத்தைச் சீராகப் பூசி, படத்தைக் குப்புறப் போட்டு, கார்டால் நடுவிலிருந்து வழியுங்கள். ஓரத்தில் பிதுங்குவதை உடனே துடைக்க வேண்டும். தாளின் முதுகில் மீடியம் பட்ட இடத்தில் பிறகு தண்ணீர் இறங்காது, அங்கே காகிதம் உரியாது. ஓர் இரவு முழுக்கக் காயட்டும். பிறகு ஈர ஸ்பாஞ்சால் நனைத்து, இரண்டு மூன்று நிமிடம் விட்டு, விரல் நுனியால் வட்ட வட்டமாகத் தேய்த்தால் காகிதம் திரி திரியாக உருண்டு வரும். நகம் வேண்டாம். காய்ந்ததும் படத்தின் மேல் வெண்படலம் தெரியும். இன்னும் நார் மிச்சம் என்று அர்த்தம். மறுபடி நனைத்துத் தேய்க்க வேண்டும், பெரும்பாலும் மூன்று முறை. கடைசி மங்கலை ஒரு மெல்லிய மீடியப் பூச்சு போக்கிவிடும். ஓட்டை விழுந்தால் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

கே: காசு கொடுத்து டவுன்லோடு செய்த கொலாஜ் படங்களை ஒட்டி வாழ்த்து அட்டை செய்து விற்கிறேன். ‘சொந்த உபயோகத்துக்கு மட்டும்’ என்று இப்போதுதான் கண்ணில் பட்டது.

ப: இப்போதுதானா? விற்பனையை நிறுத்திவிட்டு, வணிக உரிமம் தனியாகத் தருகிறாரா என்று விற்றவரிடம் கேளுங்கள். சில உரிமங்கள் கையால் செய்யும் அட்டைகளுக்கு எண்ணிக்கை வரம்போடு அனுமதிக்கும், அச்சடித்து விற்க அனுமதிக்காது. அந்தப் படங்கள் அவருக்கே சொந்தமா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள்.

கே: வெள்ளை ஜெல் பேனா மூன்று வாங்கினேன், மூன்றும் இரண்டே வரியில் நின்றுவிட்டன. எந்த பிராண்ட் நல்லது?

ப: எந்த பிராண்டும் இப்படி நின்றுவிடும். அரைகுறையாகக் காய்ந்த அக்ரிலிக், ஆயில் பேஸ்டல், மெழுகு, இவற்றின் மேல் எழுதினால் முனையின் உருளையில் அது அப்பிக்கொள்ளும். ஈரத் துணியில் முனையைத் துடைத்து, சொரசொரப்பான தாளில் கிறுக்குங்கள், மூன்றில் இரண்டு பேனாவாவது உயிர் பெறும். அக்ரிலிக் என்றால் ஒரு நாள் காயவிட்டு எழுதுங்கள். ஆயில் பேஸ்டல் காயவே காயாது. அதன் மேல் எழுதும் ஆசையை விட்டுவிடுங்கள், எழுத்தை முதலில் தனித் தாளில் எழுதி வெட்டி ஒட்டுங்கள். ஒட்டுகிற இடத்தில் பேஸ்டல் இருக்கக் கூடாது.