மெயின்ஃபிரேமில் எந்தக் கருவியை நம்புவது? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கல்லூரியில் விஎஸ் கோடில் பழகினேன். டீமில் சீனியர்கள் எல்லாரும் பச்சைத் திரைதான். நான் எதில் நேரம் செலவழிக்க வேண்டும்?

முதல் மூன்று மாதம் ஐஎஸ்பிஎஃப், அதாவது பெரிய கணினியான மெயின்ஃபிரேமின் பச்சைத் திரையில் வரும் மெனுவும் எடிட்டரும். எங்கள் டீமில் ஒருமுறை நள்ளிரவு இரண்டு மணிக்கு பேட்ச் ஜாப் விழுந்தது. வீட்டிலிருந்து எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு 3270 திரை, அந்தப் பச்சைத் திரை, அவ்வளவுதான். அன்று ஜாப்களின் அவுட்புட்டைக் காட்டும் எஸ்டிஎஸ்எஃப்பும் ஐஎஸ்பிஎஃப் எடிட்டரும் கைக்குப் பழகியிருந்ததால் தப்பித்தேன்.

நம் வேலையில் புதிதாக எழுதுவது கொஞ்சம். இருபது வருஷம் முன்பு யாரோ எழுதியதில் தேடுவதுதான் அதிகம். ஒரு புரோகிராமைத் திறந்து ‘எக்ஸ் ஆல்’ கொடுங்கள்; எல்லா வரியும் மறையும். பிறகு ஒரு வேரியபிளின் பெயரைப் போட்டு ‘ஃபைண்ட் ஆல்’ கொடுங்கள். எட்டாயிரம் வரியில் அந்த வேரியபிளைத் தொடும் வரிகள் மட்டும் எழுந்து நிற்கும். முதல் தடவை பார்க்கும்போது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அப்புறம் விஎஸ் கோடுக்கு வாருங்கள். அதற்கான ஸோவி எக்ஸ்ப்ளோரர், ஐபிஎம் இசட் ஓப்பன் எடிட்டர் என்ற இரண்டு எக்ஸ்டென்ஷன்களும் இலவசம். பல புரோகிராம்கள் பகிரும் டேட்டா விவரமான காப்பிபுக்குக்குள் ஒரே தாவலில் போகலாம், 72-ஆம் நெடுவரிசையைத் தாண்டிய வரி உடனே கண்ணில் படும். மெயின்ஃபிரேமுடன் இணைக்க மட்டும் உங்கள் சிஸ்டம் புரோகிராமரின் சம்மதம் வேண்டும்.

கேள்வி: அபெண்டை (புரோகிராம் பாதியில் விழுவதை) ஆராயும் கருவி எதுவும் எங்களுக்கு வாங்கித் தரவில்லை. சாக் செவன் (எண் அல்லாததை எண்ணாகக் கணக்கிடும்போது வரும் பிழை) வந்தால் என்ன செய்வது?

கருவி இருந்தால் வேலை சீக்கிரம் முடியும், இல்லாவிட்டாலும் முடியும். புரோகிராமைக் கம்பைல் செய்யும்போது ‘லிஸ்ட்’ அல்லது ‘ஆஃப்செட்’ ஆப்ஷன் கொடுத்து, அந்த லிஸ்டிங்கைப் பத்திரமாக வையுங்கள். விழும்போது பதிவாகும் மெமரி நகலான டம்ப் காட்டும் ஆஃப்செட்டை அதில் தேடினால் விழுந்த ஸ்டேட்மெண்ட் கிடைத்துவிடும். ஓடிக்கொண்டிருந்த லோடு (கம்பைல் ஆன புரோகிராம்) எப்போது கம்பைல் ஆனதோ அப்போதைய லிஸ்டிங்தான் வேண்டும். வேறு எதுவும் உங்களைத் தவறான வரிக்குக் கூட்டிப்போகும்.

சரி, ஃபீல்டு தெரிந்துவிட்டது. இன்புட் ஃபைலைத் திறந்து ‘ஹெக்ஸ் ஆன்’ கொடுங்கள். எண் இருக்க வேண்டிய இடத்தில் மேல் வரியில் 4, கீழ் வரியில் 0 என்று நின்றால் அது ஸ்பேஸ். ஒரு பைட்டில் இரண்டு இலக்கம் வைக்கும் காம்ப்-3 (பேக்டு) ஃபீல்டின் கடைசி அரை பைட்டில் கூட்டல் கழித்தல் குறி இருக்க வேண்டும். 0 குறியே அல்ல, அதனால்தான் விழுந்தது. பெரும்பாலும் யாரோ ரெக்கார்டு முழுக்க ‘மூவ் ஸ்பேசஸ்’ போட்டிருப்பார்கள். ஐபிஎம்மின் கோபோல் கம்பைலரான என்டர்பிரைஸ் கோபோல் 6.2 அல்லது அதற்குப் பிந்தையது உங்களிடம் இருந்தால், டெஸ்ட் ரீஜனில் ‘நம்செக்’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். இப்படிப்பட்ட எண்களை அது முன்பே பிடித்துக்கொடுக்கும்.

கேள்வி: புரொடக்‌ஷன் ஃபைலை பிசிக்கு இறக்கி எக்செல்லில் பார்த்தோம். தொகைகள் ஒத்துப்போகவில்லை. எந்தக் கருவி சரியாக இறக்கும்?

இந்தக் கேள்விக்காகவே இந்தத் தொகுப்பை எழுத உட்கார்ந்தேன். பழுது கருவியில் இல்லை, டெக்ஸ்ட் மோடில் இறக்கியதில் இருக்கிறது. +12345 என்ற தொகை காம்ப்-3-இல் மூன்று பைட்: 12, 34, 5சி. டெக்ஸ்ட் மோடு இதை எழுத்து என்று நினைத்து மெயின்ஃபிரேமின் எழுத்துக் குறியீடான எப்சிடிக்கிலிருந்து பிசியின் ஆஸ்கிக்கு மாற்றும். 037 கோடு பேஜில் 12 அப்படியே இருக்கும், 34 என்பது 94 ஆகும். 5சி எப்சிடிக்கில் நட்சத்திரக் குறி, ஆஸ்கியில் அது 2ஏ. இப்போது பைட்டுகள் 12, 94, 2ஏ. ‘ஏ’யும் செல்லுபடியாகும் கூட்டல் குறிதான். ஆகவே பிழைச் செய்தி எதுவும் இல்லாமல் உங்கள் 12345 இப்போது 12942.

விழுந்திருந்தால்கூடப் பரவாயில்லை, கவனித்திருப்போம். இது யாரோ ஒருவருடைய கணக்கில் இருக்கும் பணம் அல்லவா?

எனவே பேக்டு ஃபீல்டு உள்ள ஃபைலை பைனரியில் இறக்கி, காப்பிபுக் தெரிந்த கன்வெர்ட்டரால் பிரியுங்கள். அல்லது மெயின்ஃபிரேமிலேயே சார்ட் (வரிசைப்படுத்தும் கருவி) கொண்டு படிக்கும் எண்களாக மாற்றிவிட்டு இறக்குங்கள். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும்.

கேள்வி: வீட்டில் பழக என்ன வழி?

ஐபிஎம் இசட் எக்ஸ்ப்ளோர். இலவசம், இன்றைய மெயின்ஃபிரேமின் இயங்குதளமான இசட்/ஓஎஸ்ஸில் நிஜமான ஐடி தருவார்கள். ஹெர்குலிஸ் எமுலேட்டரில் அதன் பழைய மூதாதையான எம்விஎஸ் 3.8ஜே ஓட்டலாம், ஜாப்களை ஓட்டச் சொல்லும் ஜேசிஎல் நன்றாகப் பழகும். ஆனால் இன்றைய கோபோலை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

கேள்வி: சோர்ஸ் கோடைப் பராமரிக்கும் எண்டெவரிலிருந்து கிட்டுக்கு மாறச் சொல்கிறார்கள். மாறலாமா?

மாறலாம். ஒரு காப்பிபுக் மாறினால் எந்தெந்தப் புரோகிராம்களை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்று எண்டெவர் இதுவரை கணக்கு வைத்திருக்கும். கிட் அதைச் செய்யாது. அந்த வேலையை ஐபிஎம்மின் டிபிபி போன்ற ஒரு பில்டு கருவியிடம் ஒப்படைத்த பிறகே மாறுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. பழைய சோர்ஸில் சிலர் ஹெக்ஸ் மோடில் போய், திரையில் தெரியாத பைட்டுகளை லிட்டரலுக்குள் (புரோகிராமில் நேராக எழுதிய மதிப்புக்குள்) நேரடியாகத் தட்டியிருப்பார்கள். கிட்டுக்குப் போக சோர்ஸ் யுடிஎஃப்-8 எழுத்துக் குறியீட்டுக்கு மாறும்போது அவை உருக்குலையலாம். ஐஎஸ்பிஎஃப்பில் ‘ஃபைண்ட் பி'.' ஆல்’ கொடுத்தால் அவை அகப்படும். கண்டதை எல்லாம் ஹெக்ஸ் லிட்டரலாக எழுதி, கம்பைல் செய்து, பழைய லோடோடு சேர்த்து ஓட்டி அவுட்புட்டை ஒப்பிட்ட பிறகு முதல் கமிட்டைப் போடுங்கள்.