வாசகர் கேள்வி பதில்: ஆசிரியரே மட்டம் தட்டும்போது

கேள்வி: என் மகள் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். கணித ஆசிரியர் தேர்வுத் தாள்களைத் திருப்பித் தரும்போது இவளுடைய மதிப்பெண்ணை மட்டும் இரண்டு முறை சத்தமாக வாசிக்கிறாராம். வகுப்பின் சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு அடுத்த தாளை எடுக்கிறாராம். நன்றாகப் பாடம் நடத்துபவர் என்று பெயர் எடுத்தவர். "கண்டிப்பானவர், அவ்வளவுதான்" என்கிறார் என் கணவர். கண்டிப்பு எங்கே முடிகிறது, கொடுமை எங்கே தொடங்குகிறது?

பதில்: சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் கேட்கும் எல்லைக்கோடு அங்கேதான் இருக்கிறது. கண்டிப்பான ஆசிரியர் தவறான கணக்கைச் சுட்டிக்காட்டுவார், மறுபடி போடச் சொல்வார், பக்கத்தில் அமர்ந்திருக்கும் பிள்ளைக்கும் அதே அளவுகோலையே வைப்பார். கணக்கு சரியானதும் அந்தப் பேச்சு அத்துடன் தீர்ந்துவிடும். உங்கள் மகளுக்கோ செய்து முடிக்க எந்த வேலையும் தரப்படவில்லை, அவமானம் மட்டுமே தரப்படுகிறது.

ஸ்வீடனில் பிறந்து நார்வேயில் பணியாற்றிய உளவியலாளர் டான் ஒல்வேயுஸ், 1970-களில் பள்ளிக் கொடுமைகளை முறையாக ஆராயத் தொடங்கியவர். அவர் வகுத்துத் தந்த அடையாளங்கள் மூன்று: புண்படுத்தும் நோக்கம், அது திரும்பத் திரும்ப நடப்பது, இருவருக்கும் இடையே உள்ள வலிமை வேறுபாடு. மாணவர்களுக்கு இடையிலான தகராறில் இந்த மூன்றாவதைத் தேடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையிலோ அது முதல் நாளிலிருந்தே இருக்கிறது. மதிப்பெண், உட்காரும் இடம், கழிப்பறைக்குச் செல்லும் அனுமதி என எல்லாமே ஒருவர் கையில் இருக்கின்றன. போதாததற்கு, ஆசிரியர் சிரிக்க வைத்த பிள்ளையை இடைவேளையிலும் கேலி செய்யலாம் என்று மற்ற மாணவர்கள் புரிந்துகொள்கிறார்கள். யாரும் அவர்களுக்கு அப்படிச் சொல்லித் தருவதில்லை. அவர்களாகவே எடுத்துக்கொள்ளும் அனுமதி அது.

"அடியாத மாடு படியாது" என்று உங்கள் கணவர் அடுத்துச் சொல்லக்கூடும். ராபர்ட் ரோசந்தாலும் லெனோர் ஜேக்கப்சனும் 1968-இல் வெளியிட்ட ஆய்வை அவரிடம் சொல்லிப் பாருங்கள். குலுக்கல் முறையில் எடுத்த சில பிள்ளைகளின் பெயரைக் கொடுத்து, "இவர்கள் இந்த ஆண்டு மளமளவென்று முன்னேறுவார்கள்" என்று ஆசிரியர்களிடம் கூறினார்கள். ஆண்டு முடிவில், குறிப்பாக முதலிரண்டு வகுப்புகளில், அந்தப் பிள்ளைகளின் அறிவுத்திறன் மதிப்பெண்கள் மற்றவர்களுடையதைவிடக் கூடுதலாக உயர்ந்திருந்தன. அந்த விளைவு எவ்வளவு பெரியது என்பது பற்றிப் பின்னர் கடும் விவாதம் நடந்தது உண்மை. ஆனாலும் ஆசிரியர் ஒரு பிள்ளையை எப்படிப் பார்க்கிறார் என்பது பிள்ளையைத் தொடாமல் போவதில்லை என்பதை அதற்குப் பிறகு எளிதில் மறுக்க முடியவில்லை.

இனிச் செய்ய வேண்டியது. கோபத்தோடு இன்றைக்கே பள்ளிக்குப் போகாதீர்கள். ஒரு நோட்டில் தேதி, பாடவேளை, ஆசிரியர் சொன்ன சொற்கள் அப்படியே, உடனிருந்தவர்கள், மகள் அன்று வீட்டுக்கு வந்து என்ன செய்தாள் என்பதை எழுதி வையுங்கள். "எப்போதும் கேலி செய்கிறார்" என்ற புகாரை ஒரே நிமிடத்தில் மறுத்துவிடலாம். மூன்று தேதிகளையும் மூன்று வாக்கியங்களையும் மறுப்பது கடினம். பிறகு ஆசிரியரை மகள் இல்லாமல் தனியாகச் சந்தித்து, தாளை மடித்துக் கையில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். பல ஆசிரியர்கள் இந்த இடத்திலேயே திருந்திவிடுவார்கள். தாம் செய்வது என்ன என்பதை வெளியிலிருந்து ஒருவர் சொன்ன பிறகே பார்ப்பவர்கள் அவர்கள். அவர் திருந்தாவிட்டால் தலைமையாசிரியருக்கு எழுத்தில் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தை வாங்குங்கள். மகளின் மதிப்பெண்ணில் பழிவாங்கல் இருக்கும் என்று அஞ்சினால், அந்த அச்சத்தையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். எழுதி வைத்த பிறகு அப்படிச் செய்யத் துணிபவர்கள் குறைவு. இவற்றில் எதையும் மகளுக்குத் தெரியாமல் செய்யாதீர்கள். நாளை அந்த வகுப்பில் போய் உட்காரப் போகிறவள் அவள்தான்.

கேள்வி: நான் பணியில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆன ஆசிரியர். பக்கத்து வகுப்பின் மூத்த ஆசிரியர் ஒரே மாணவனை வாரக்கணக்கில் வெளியே நிற்க வைக்கிறார். சில நாட்களில் தலையில் குட்டுவதையும் பார்த்தேன். மேலே சொன்னால் காட்டிக்கொடுத்தவன் என்று பெயர் வரும். என்ன செய்வது?

பதில்: குட்டுவதைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள் என்றால், அந்த மூத்தவரிடம் தனியாகப் பேசிப் பார்க்கும் கட்டம் கடந்துவிட்டது. அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டு, சொன்னதை எழுத்திலும் கொடுங்கள். சொல் மட்டுமே என்றால் முதலில் அவரோடு பேசலாம்; கை நீண்டால், அதைவிட மோசமாகத் தகாத தொடுதல் என்றால், முன்கூட்டி எச்சரிப்பது அந்தப் பையனை மிரட்டி வாயடைக்க அவகாசம் தருவதாகிவிடும்.

காட்டிக்கொடுத்தல் என்ற சொல்லைப் பற்றி ஒன்று. நார்வேயில் 2017-இல் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, பள்ளி ஊழியர் ஒருவர் மாணவரைத் துன்புறுத்துகிறார் என்ற ஐயம் எழுந்தாலே சக ஊழியர் உடனே தலைமையாசிரியரிடம் தெரிவித்தாக வேண்டும். தலைமையாசிரியர் அதைப் பள்ளியை நடத்தும் நிர்வாகத்துக்குத் தெரிவித்தாக வேண்டும். சொல்வதா வேண்டாமா என்ற தேர்வே அங்கு ஊழியருக்கு இல்லை. தேர்வு இல்லாத இடத்தில் துரோகம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. உங்கள் பள்ளியில் அப்படி எழுதப்பட்ட விதி இல்லாவிட்டாலும், 1989-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 28-ஆம் பிரிவு, பள்ளி ஒழுங்குமுறை குழந்தையின் மாண்புக்கு இசைவாக இருக்க வேண்டும் என்கிறது. அந்த மூத்தவருக்கு வகுப்பு பெரிதாகவோ உடல்நலம் குன்றியோ இருக்கலாம். அவருக்கு உதவி தேவை என்பதற்கு அவை காரணங்களாகும், பையன் குட்டு வாங்குவதற்கு ஆகா.

கேள்வி: பள்ளி வேன் ஓட்டுநர் என் மகனின் திக்குவாயைப் பேசிக் காட்டிச் சிரிக்க வைக்கிறார். அவர் ஆசிரியர் இல்லையே, பள்ளியிடம் கேட்கலாமா?

பதில்: தாராளமாகக் கேட்கலாம். வேனைப் பள்ளி ஏற்பாடு செய்திருந்தால் ஓட்டுநர், உதவியாளர், காவலர், பயிற்சியாளர் அனைவரின் நடத்தைக்கும் பள்ளியே பொறுப்பு. மகனிடம் "கண்டுகொள்ளாதே" என்று மட்டும் சொல்லாதீர்கள். ஓடும் வண்டியிலிருந்து அவனால் எழுந்து போக முடியாது.

கேள்வி: நானும் ஆசிரியைதான். எரிச்சலில் ஒரு மாணவனை "மண்டு" என்றேன். இப்போது வகுப்பு முழுவதும் அவனை அப்படித்தான் கூப்பிடுகிறது. தனியாக அழைத்து மன்னிப்புக் கேட்டால் போதுமா?

பதில்: போதாது. பெயர் வைத்தது நாற்பது பேர் முன்னால் என்றால், திரும்பப் பெறுவதும் அந்த நாற்பது பேர் முன்னால்தான் நடக்க வேண்டும். அதற்கு முன் அவனிடம் தனியாகச் சொல்லி, வகுப்பில் பேசுவதற்கு அவனுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சம்மதித்தால் இரண்டு வாக்கியங்களே போதும்: "நான் அப்படிச் சொன்னது தவறு. இனி யாரும் அப்படிக் கூப்பிடக் கூடாது, நான் உட்பட." அன்றைய வேலைப்பளுவை விளக்காதீர்கள், "மன்னித்துவிட்டாயா" என்று அவனைப் பதில் சொல்லவும் வைக்காதீர்கள். சில வாரங்கள் அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் பாடத்தை நிறுத்துங்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயர் வரும்போது சற்று நிதானமாக, முழுப் பெயராக வாசியுங்கள்.