"எனக்கு வராது" என்று நினைப்பவர்களுக்கு: கேள்வி பதில்

காவேரிப்பட்டணம் பக்கம் பல வருஷம் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவன் நான். தன்னம்பிக்கை பற்றி வந்த கேள்விகளில் நான்குக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பென்னாகரத்திலிருந்து ஒரு தங்கை: குரூப் 4 இரண்டு தடவை எழுதியும் கிடைக்கவில்லை சார். எனக்குப் படிப்பே வராது போல. எப்படி நம்பிக்கையாக இருப்பது?

அந்தப் "படிப்பே வராது" என்பதை முதலில் பிரித்துப் பார்க்கலாம்மா. மார்ட்டின் செலிக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர், துவண்டு போகிறவர்கள் ஒரு தோல்விக்கு என்ன காரணம் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பார்த்தார். "என்னால்தான், எப்பவும் இப்படித்தான், எல்லாத்திலயும் இப்படித்தான்" என்று மூன்று பூட்டுப் போட்டுவிடுகிறார்கள். மீண்டு வருகிறவர்களோ "இந்தத் தடவை, இந்த இடத்தில்" என்கிறார்கள். நீங்களும் கேள்வித்தாளையும் விடைக்குறிப்பையும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். மொத்தம் 200 கேள்வி, அதில் தமிழ் 100, பொது அறிவு 75, கணக்கு 25. தப்பானதற்கெல்லாம் பென்சிலில் வட்டம் போடுங்கள். என்னிடம் ஒரு பெண் கணக்கே வராது என்று அழுதுகொண்டு வந்தாள், வட்டம் போட்டுப் பார்த்தால் கூட்டு வட்டியும் ஆள்-நாள் கணக்கும்தான் போயிருந்தன, விகிதத்தில் ஒன்றுகூடத் தப்பில்லை. "படிப்பு வராது" என்றால் எங்கே தொடங்குவது? "கூட்டு வட்டி வரவில்லை" என்றால் இன்று ராத்திரியே தொடங்கலாம்.

ஓசூரில் வேலை செய்யும் தம்பி: கம்ப்யூட்டர் கட்டளையில் ஓடும் சி.என்.சி. மிஷினில் ஆபரேட்டராக இருக்கிறேன் அண்ணா. புரோகிராமிங் கற்க ஆசை. தினமும் கண்ணாடி முன் நின்று "ஜெயிப்பேன்" என்று சொல்கிறேன், ஒன்றும் நகரவில்லை.

ஆசை நல்லது தம்பி, ஆனால் ஆசையை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால் கிடைத்துவிட்டது போல மனசு ஓய்ந்துவிடும். கேப்ரியேல் ஓட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைத்தான் ஆராய்ந்தார். ஆசையோடு தடையையும் சேர்த்து நினைக்கச் சொல்கிறார். உங்கள் தடை என்ன, ஷிப்ட் முடிந்து ரூமுக்குப் போனதும் படுத்துவிடுவதுதானே? அப்படியானால் "பஸ்ஸை விட்டு இறங்கியதும் டீக்கடையில் உட்கார்ந்து இருபது நிமிஷம் படிப்பேன், அப்புறம்தான் ரூம்" என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பழக்கமாவதற்கு நாளாகும். லண்டனில் நடந்த ஓர் ஆய்வில் சராசரியாக 66 நாள் ஆனது, சிலருக்கு 18 நாளிலேயே வந்துவிட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள், அவ்வளவுதான்.

ஊத்தங்கரையிலிருந்து: மூன்று மாதமாகத் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை.

நல்லபடியாக நினைத்துப் பாருங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல மாட்டேன். 14416-க்குப் போன் செய்யுங்கள், அது டெலி மனஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் மனநல மருத்துவரையும் பாருங்கள். தயவுசெய்து இந்த வாரமே.

பாலக்கோட்டிலிருந்து ஓர் அண்ணன்: தக்காளி விலை விழுந்து, பறிக்கிற கூலிக்கே கட்டாமல் இரண்டு தடவை அப்படியே ஏர் ஓட்டிவிட்டேன். மகன் "பாசிட்டிவா இருங்கப்பா" என்கிறான். கோபம்தான் வருகிறது.

வரத்தானே செய்யும் அண்ணா, உழைப்பு கண்ணெதிரே மண்ணாகப் போயிருக்கிறது. மண்டி விலை உங்கள் மனசைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை, அதனால் அதற்கு ராசியைக் குறை சொல்ல வேண்டாம். உங்கள் கையில் இருப்பது எப்போது நடுவது, எவ்வளவு நடுவது என்பதுதான். மொத்த நிலத்திலும் ஒரே வாரத்தில் நாற்று வைக்காமல் பதினைந்து நாள் விட்டு இரண்டு தடவையாக வையுங்கள், ஒரு பாத்தியில் அவரையோ கேழ்வரகோ போடுங்கள். நட்ட தேதி, விற்ற தேதி, பெட்டி விலை மூன்றையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். எழுதுகிற வேலையை மகனிடமே கொடுத்துவிடுங்கள்.