படகு மேடை அமுங்குகிறது, என்ன செய்யலாம்?

கேள்வி: எங்கள் ஃபைபர் படகின் பின்புறம் தண்ணீரில் இறங்கி ஏற ஒரு நீச்சல் மேடை இருக்கிறது. ஏணி மாட்டியிருக்கும் இடத்தில் கால் வைத்தால் லேசாக அமுங்குகிறது. மேலே ஒரு கீறல்கூட இல்லை. படகைக் கரையேற்றிப் பல நாள் ஆகியும் அடியில் ஒரு போல்ட் வழியாகப் பழுப்புத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கிறது. ஃபைபரில் தண்ணீர் ஊறுமா?

பதில்: ஃபைபர் இந்த அளவுக்கு ஊறாது, ஊறியிருப்பது அதற்குள் இருக்கும் மரம். நீச்சல் மேடை முழுக்க ஃபைபர் என்று பலரும் நினைக்கிறார்கள். மேலே ஒரு மெல்லிய ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பிளைவுட் அல்லது பால்சா மரம், சிலவற்றில் ஃபோம், இவ்வளவுதான் பெரும்பாலான மேடைகள். மேடைக்கு விறைப்பு வருவது இந்த மூன்றும் ஒன்றோடொன்று இறுக ஒட்டியிருப்பதால்தான். நடுவில் இருப்பது மக்கிவிட்டால் மிஞ்சுவது இரண்டு தோல்கள் மட்டும், அதனால்தான் காலுக்கு அமுங்குகிறது. அந்தப் பழுப்பு நிறம் மரம் ஊறி இறங்கும் சாறு.

தண்ணீர் நுழைந்த வழி அநேகமாக ஏணியின் போல்ட் துளைதான். துளை போட்டவர் மரத்தை அப்படியே விட்டு, மேலே கொஞ்சம் சிலிகானைத் தடவி முடுக்கியிருப்பார். ஏணியில் ஆள் ஏற ஏற போல்ட் இம்மியளவு அசையும், சிலிகான் விட்டுப்போகும், அப்புறம் ஒவ்வொரு அலையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை உள்ளே அனுப்பும். வெளியேற வழி கிடையாது.

முதலில் சேதம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். ஒரு நாணயத்தையோ பிளாஸ்டிக் சுத்தியலையோ வைத்து மேடை முழுக்கத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கூர்மையாகக் கேட்கும், கெட்ட இடத்தில் ‘தொப் தொப்’ என்று மந்தமாகக் கேட்கும். சத்தம் மாறும் இடங்களைப் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தால் வரைபடம் மாதிரி ஒன்று கிடைக்கும். அது நீங்கள் நினைத்ததைவிடப் பெரிதாகத்தான் இருக்கும், பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் அடிப்பக்கத்தில் சிறு துளை போட்டு, துளைக்கருவியில் ஒட்டி வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள். உலர்ந்து வெளிறிய தூள் வந்தால் அந்த இடம் பிழைத்தது, கறுத்து ஈரமாகப் புளித்த வாடையோடு வந்தால் போய்விட்டது.

மேடையைக் கழற்ற முடிந்தால் கழற்றிவிடுங்கள், தலைக்கு மேல் பார்த்து வேலை செய்வது நரகம். அதைவிட முக்கியமான காரணமும் உண்டு. மேடையைத் தாங்கும் போல்ட்டுகள் படகின் பின்சுவரைத் துளைத்துப் போகின்றன, அந்தச் சுவருக்குள்ளும் பல படகுகளில் மரம்தான். கழற்றியதும் அந்தத் துளைகளுக்குள் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். அங்கே மரம் மெத்தென்று இருந்தால் மேடை வேலையை ஒத்திவைத்துவிட்டுப் பின்சுவரை முதலில் கவனிக்க வேண்டும், ஏனென்றால் மேடை போனால் வசதி போகும், பின்சுவர் போனால் படகே போகும்.

இனி வெட்டுவது. எப்போதும் அடித்தோலை வெட்டுங்கள். மேல்தோலில் கால் வழுக்காமலிருக்க அச்சில் வார்த்த சொரசொரப்பு இருக்கும், அதை வெட்டினால் திரும்ப அதே மாதிரி கொண்டுவருவது பெரும்பாடு. மேடையைக் கவிழ்த்து, அதன் வளைவு மாறாதபடி அடியில் நன்றாகத் தாங்கல் கொடுத்து, ஓரத்தில் நாலைந்து விரல்கடை விட்டு, தோலின் கனத்துக்கு மட்டும் வெட்டும் ஆழத்தை வைத்து வெட்டி எடுங்கள். தோல் நல்ல நிலையில் வந்தால் பத்திரமாக வையுங்கள், திரும்ப ஒட்டலாம். உளி வைத்து மக்கிய மரத்தைச் சுரண்டினால் ஈரக் கேக் போலப் பிட்டுக்கொண்டு வரும். நல்ல மரம் தட்டுப்படும் வரை போய், அதற்கு அப்பாலும் கொஞ்சம் எடுத்துவிடுங்கள். கிரைண்டரில் ஃபைபரைத் தேய்க்கும்போது நல்ல முகமூடி, கண்ணாடி, முழுக்கைச் சட்டை கட்டாயம். அந்தத் தூள் தோலில் பட்டால் ராத்திரி முழுக்க அரிக்கும், நுரையீரலுக்குள் போனால் அதைவிட மோசம்.

எல்லாம் காய்ந்த பிறகுதான் ஒட்டும் வேலை. இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஓரங்களில் மிச்சம் இருக்கும் மரம் முழுக்க உலர வேண்டும், விசிறியும் மிதமான சூடும் வைத்துக் காத்திருங்கள். நடுவில் வைக்க மரைன் பிளைவுட் போதும், செலவு பரவாயில்லை என்றால் ஊறாத அடர்ஃபோம் பலகை இன்னும் நல்லது. ஒட்டுவதற்கு எபாக்ஸிதான் (இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பிசின்), ஃபைபர் வார்க்கப் பரவலாகப் பயன்படும் பாலியெஸ்டர் ரெசின் மரத்தில் அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது. முதலில் இரு பரப்பிலும் வெறும் எபாக்ஸியைப் பூசி, அதன்மேல் சிலிக்கா தூள் கலந்து கெட்டியாக்கிய எபாக்ஸியைப் பல்வைத்த தகட்டால் இழுத்துப் பரப்பி, பலகையை வைத்து அழுத்துங்கள். பலகையில் அங்கங்கே சிறு துளை போட்டு வைத்தால் காற்று அதன் வழியே போகும், எபாக்ஸி பிதுங்கி மேலே வந்தால் அடியில் இடைவெளி இல்லை என்று தெரிந்துவிடும். ஒரே கோப்பையில் நிறையக் கலந்து வைக்காதீர்கள், சூடேறிப் புகைந்துவிடும்.

அடித்தோலைத் திரும்ப ஒட்டியதும் வெட்டுக்கோட்டின் இருபுறமும் சரிவாகத் தேய்க்க வேண்டும். தோலின் கனத்தைப்போல 12 மடங்கு அகலம் என்பது வழக்கமான கணக்கு. தோல் 4 மில்லிமீட்டர் என்றால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 5 சென்டிமீட்டர். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியை எபாக்ஸியில் நனைத்து அடுக்கடுக்காகப் போடுங்கள். நெய்யாமல் துண்டு இழைகளைப் பசையால் சேர்த்த சாதாரண மேட் வேண்டாம், அதன் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை பாலியெஸ்டரில் இருக்கும் ஸ்டைரீனில்தான் கரையும், எபாக்ஸியில் சரியாகப் படியாது. நெய்த துணியோ தைத்த துணியோ வாங்குங்கள்.

கேள்வி: இவ்வளவு வெட்டாமல், துளை போட்டு ஊசி மூலம் எபாக்ஸியை ஏற்றினால் ஆகாதா?

பதில்: ஈரமான மரத்தில் ஆகாது. மரத்தின் இண்டு இடுக்கில் ஏற்கெனவே தண்ணீர் உட்கார்ந்திருக்கிறது, எபாக்ஸிக்கு அங்கே இடம் இல்லை. துளையைச் சுற்றி ஒரு கட்டியாக உறையும், அதற்குப் பக்கத்தில் மக்கல் பாட்டுக்கு நடக்கும். மரம் உலர்ந்து நல்லபடியாக இருந்து, தோல் மட்டும் விட்டுப்போன சின்ன இடம் என்றால் ஊசி வேலை செய்யும்.

கேள்வி: ஏணியைத் திரும்ப மாட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: இதைச் சரியாகச் செய்யாவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் வீண். போல்ட் போகும் துளையைத் தேவைக்கு அதிகமாகப் பெரிதாக்கி, அடியை டேப்பால் அடைத்து, கெட்டி எபாக்ஸியை நிரப்பி, இறுகிய பிறகு அதன் நடுவில் போல்ட் அளவுக்குத் துளை போடுங்கள். இப்போது மேலே அடைப்பு விட்டுப்போனாலும் தண்ணீர் எபாக்ஸியைத்தான் தொடும், மரத்தை அல்ல. துளையின் மேல்வாயை லேசாகக் குடைந்துவிட்டால் சீலன்ட் அங்கே வளையமாகத் தங்கும். சிலிகான் வேண்டாம், பியூட்டைல் டேப் அல்லது பாலியூரித்தேன் சீலன்ட் போடுங்கள். முடுக்கும்போது மேலே போல்ட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு கீழே நட்டை மட்டும் திருப்புங்கள், போல்ட் சுற்றினால் சீலன்ட் விட்டுவிடும். பழைய போல்ட்டுகள் துருப்பிடிக்காத எஃகு என்றாலும் மாற்றிவிடுங்கள். காற்றுப் படாத ஈர மரத்துக்குள் கிடந்தால் அதுவும் அரிக்கும், கழற்றிப் பார்த்தால் நடுப்பகுதி மெலிந்திருப்பது தெரியும்.

கேள்வி: எபாக்ஸி மேல் ஜெல்கோட் (ஃபைபர் படகின் வெளிப்புறத்தில் இருக்கும் வழவழப்பான பூச்சு) பூசலாமா?

பதில்: பூசலாம், ஆனால் எபாக்ஸி முழுக்க இறுகியிருக்க வேண்டும். இறுகும்போது சில எபாக்ஸிகளின் மேல் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும், அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் உப்புத்தாள் போட வேண்டும். கழுவாமல் தேய்த்தால் படலம் பரவித்தான் போகும். அடிப்பக்கத்துக்கு ஜெல்கோட் தேவையில்லை, நல்ல படகுப் பெயின்ட் போதும். ஆனால் யாரும் பார்க்காத இடம்தானே என்று எபாக்ஸியை வெறுமனே விடாதீர்கள், தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் வெயிலே அதை நாளடைவில் கெடுத்துவிடும்.