வீட்டுக்குள் அலுவல் அறை: வாசகர் ஐயங்களும் விளக்கங்களும்

கோயம்புத்தூர் வாசகி: சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து எட்டு மணி நேரம் வேலை செய்கிறேன். மாலையானால் தோளும் கழுத்தும் கடுக்கின்றன. விலை உயர்ந்த நாற்காலி வாங்கினால் சரியாகுமா?

நாற்காலி இருக்கட்டும், முதலில் அளவுநாடாவை எடுங்கள். சாப்பாட்டு மேசைகள் பெரும்பாலும் 75 செ.மீ. உயரம் கொண்டவை. ஐந்தடி உயரமுள்ள ஒருவர் பாதம் தரையில் பதிய உட்கார்ந்தால், அவருடைய முழங்கை தரையிலிருந்து 60 செ.மீ.க்குச் சற்று முன்பின்னாகத்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட நாள் முழுவதும் தோள்களைத் தூக்கியே வைத்திருப்பதுதான் உங்கள் கடுப்புக்குக் காரணமாக இருக்கக்கூடும். மேசைக் கால்களை அறுக்க வீட்டில் யாரும் சம்மதிக்கமாட்டார்கள் என்பதால், முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்படி இருக்கையை உயர்த்திக்கொண்டு, தொங்கும் பாதங்களுக்கு அடியில் ஒரு மணையை இடுங்கள். உயரம் போதவில்லை என்றால் மணைக்குக் கீழே செங்கல் வைக்கலாம். கழுத்துக்கு வழி வேறு. மடிக்கணினியில் திரையும் விசைப்பலகையும் ஒட்டிப் பிறந்தவை. ஒன்றைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவந்தால் மற்றது கெட்டுப்போகும். ஆகவே தனி விசைப்பலகையும் மவுஸும் வாங்கிக்கொண்டு, திரையின் மேல்விளிம்பு கண்மட்டத்துக்கு வரும்வரை கணினியை உயர்த்தி, கையை நீட்டினால் தொடும் தூரத்தில் வையுங்கள். விரல்கள் மரத்துப்போகும் அளவுக்கு வலி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

சென்னை வாசகர்: என் அறைக்கு மேற்கு ஜன்னல் மட்டுமே உண்டு. மேசையை எங்கே போடுவது?

ஜன்னல் உங்கள் பக்கவாட்டில் வரவேண்டும். அது முதுகுக்குப் பின்னால் இருந்தால் திரையில் கூசும். முகத்துக்கு நேரே இருந்தால் கண் கூசும். வெயிலைத் தடுக்க உள்ளே திரைச்சீலை போடுவதைவிட, ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்டுவது நல்லது. சீலையை அடையும்போது வெப்பம் அறைக்குள் வந்துவிட்டிருக்கும்.

திருநெல்வேலி வாசகர்: மின்வெட்டின்போது வேலை நிற்காமல் இருக்க எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் தேவை?

12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்று கணக்குப்படி 1,800 வாட்-மணி தரும். இழப்புகளைக் கழித்து 1,200 என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மடிக்கணினிக்கு 50, ரவுட்டருக்கு 15, எல்.இ.டி. விளக்குக்கு 10, பழைய மின்விசிறிக்கு 75 வாட் என்று கூட்டினால் 150 வருகிறது. எட்டு மணி நேரம் ஓடும். பாதியைத் தின்பது மின்விசிறிதான் என்பதைக் கவனியுங்கள். 30 வாட்டில் சுழலும், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் மோட்டார் கொண்ட பி.எல்.டி.சி. விசிறியை மாட்டினால், அதே பாட்டரி பதினொரு மணி நேரம் வரை தாங்கும். மின்சாரம் மாறும் நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்தால், அதற்கென்றே விற்கும் சிறிய யு.பி.எஸ். போதும். பாட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற மறக்காதீர்கள். மறந்துபோய் ஒரு கோடையில் என் பாட்டரியை நானே கெடுத்துக்கொண்டேன்.

காரைக்குடி வாசகர்: தாத்தாவின் கணக்கப்பிள்ளை மேசை (சரிவான மேற்பலகை கொண்ட குட்டை மேசை) வீட்டில் இருக்கிறது. தரையில் அமர்ந்து அதிலேயே வேலை செய்யலாமா?

கையால் எழுத அதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் மணிக்கணக்கில் தட்டச்சு செய்ய ஏற்றதன்று. சரிவில் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்கும், சம்மணமிட்ட கால்களும் சீக்கிரம் மரத்துவிடும். அதைத் தூக்கி உங்கள் பெரிய மேசைமேல் வையுங்கள். ஏடு நழுவாமல் இருக்கக் கீழ்விளிம்பில் அடித்திருக்கும் மரச்சட்டம் மடிக்கணினியையும் தாங்கிக்கொள்ளும்; முன்னால் தனி விசைப்பலகையை வைத்துக்கொண்டால், கோவை வாசகிக்குச் சொன்ன திரை உயரம் உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்துவிடும்.